எழுத்தை எண்ணிய மனிதர்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம்ம யூனியன் செயலாளர் ஹாஸ்டல் வராண்டாவில் என்னை மடக்கிப் பிடித்தபோது, எனக்கும் எழுத்துக்கும் ரொம்ப தூரம் என்று சொல்லி நழுவப் பார்த்தேன். விடவில்லை. சரி, எழுத்துக்கும் கணக்குக்கும் இடையே பாலம் போட்ட ஒருவரைப் பற்றி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் பெயர் ஆந்திரேய் ஆந்திரேயவிச் மார்க்கோவ். ரஷ்யாக்காரர். இறந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் இன்று காலையில் நீங்கள் செல்போனில் ஒரு வார்த்தை அடித்ததும், அடுத்த வார்த்தையை அது தானாக எடுத்துக் கொடுத்ததே... அந்த வித்தைக்கு முதல் கணக்குப் போட்டவர் இந்த மனிதர்தான்!

இவரை எனக்கு எப்படித் தெரியும்? அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லக் கொஞ்சம் வெட்கம்தான், பரவாயில்லை.

மோட்டார் ரூமில் ஒரு தாள்

போன பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் கிணற்று மோட்டாருக்கு அடிக்கடி பீஸ் போய்விடும். அப்பா வெளியூர் போன நாளில் அம்மா திண்டாடுவார். டிப்ளமோ படிக்கிற பிள்ளை எதற்கு இருக்கிறேன்? செல்போனில் இருந்த ஒரு செயலியிடம், பீஸ் கட்டுவது எப்படி என்று படிப்படியாகத் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. பத்து வரிசை எண் போட்டு அழகாக எழுதிக் கொடுத்துவிட்டது. ஒற்றுப்பிழை கிடையாது, சந்திப்பிழை கிடையாது. என் லேப் ரெக்கார்டு அதன் பக்கத்தில் நிற்க முடியாது! பிரிண்ட் எடுத்து மோட்டார் ரூம் சுவரில் ஒட்டிவிட்டு, ஏதோ ஊருக்கே அணை கட்டிக் கொடுத்த மாதிரி நடந்து வந்தேன்.

சாயங்காலம் அப்பா டார்ச் அடித்து அந்தத் தாளைப் படித்தார். எட்டாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பார். மூன்றாவது வரியில் நின்றுவிட்டார். மறுபடி படித்தார். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் தாளைக் கிழித்துவிட்டார். ஏனென்றால் பீஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி சுற்றச் சொல்லி மூன்றாவது வரியில் இருந்தது. மெயின் சுவிட்சை அணைக்கச் சொன்னது ஐந்தாவது வரியில்!

ஒட்டுவதற்கு முன்னால் நான் அதைப் படித்துப் பார்த்தேனா என்று மட்டும் அப்பா கேட்டார். நான் படிக்கவில்லை. பார்த்தேன், அவ்வளவுதான். தமிழ் நன்றாக இருந்ததால் விஷயமும் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஈரக் காலோடு அம்மா அந்த ரூமுக்குள் போயிருந்தால்..? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

லீவு முடிந்து வந்ததும் எங்கள் சாரிடம் கேட்டேன். இவ்வளவு நல்ல தமிழில் இவ்வளவு பெரிய தப்பு எப்படி வரும்? சார் பதில் சொல்லவில்லை. போர்டில் ஒரு பெயரையும் ஒரு வருடத்தையும் எழுதிப் போட்டார். மார்க்கோவ், 1913. போய்த் தேடிப் படி என்றார். அப்படித் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஊன்றுகோல் பிடித்த சிறுவன்

மார்க்கோவ் 1856-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் தேதி ரஷ்யாவில் ரியாசான் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வனத்துறையில் வேலை பார்த்தவர். பின்னால் குடும்பம் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் குடிபெயர்ந்தது. சின்ன வயதில் மார்க்கோவுக்கு முழங்காலில் கோளாறு. பத்து வயது வரை ஊன்றுகோல் வைத்துத்தான் நடந்தார். பிறகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோலை விட்டார்.

பள்ளியில் அவர் முதல் மாணவர் என்று நினைக்காதீர்கள். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் சுமார்தான். (நம்மில் பலருக்கு இதைக் கேட்க ஆறுதலாக இருக்கும். எனக்குக் கணக்கிலும் அரியர் இருந்தது என்பது வேறு விஷயம்!) பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே, ஒருவகைச் சமன்பாட்டைத் தீர்க்கப் புது வழி கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து அன்றைய கணித அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த வழி ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனாலும் கோர்கின், சொலத்தாரியவ் என்ற இரண்டு பேராசிரியர்கள் பையனை மதித்துப் பதில் போட்டார்கள். அந்த உறவு பிற்காலம் வரை நின்றது.

1874-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த குரு செபிஷெவ். நிகழ்தகவுக் கணிதத்தில் இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிற பெயர். 1878-இல் தங்கப் பதக்கத்தோடு பட்டம் பெற்ற மார்க்கோவ், 1884-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். 1886 முதல் ரஷ்ய அறிவியல் அகாதமியில் இடம் பிடித்தார். 1896-இல் முழு உறுப்பினரானார்.

கோபக்கார ஆந்திரேய்

சிஷ்யர் சரியான காரம்! கோபக்கார ஆந்திரேய் என்றே அவருக்குப் பட்டப்பெயர். ஆனால் அந்தக் கோபம் சொந்த லாபத்துக்காக வந்ததில்லை. 1902-இல் எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியை அகாதமியின் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜார் மன்னருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அந்தத் தேர்வு ரத்தானது. மார்க்கோவ் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார். 1908-இல், பல்கலைக்கழக மாணவர்கள் கிளர்ச்சி செய்த நேரம், பேராசிரியர்கள் மாணவர்களைக் கண்காணிக்க வேண்டும் என்று அரசு எதிர்பார்த்தது. நான் வாத்தியார், அரசாங்கத்தின் ஒற்றன் வேலை எனக்கு வேண்டாம் என்ற பொருளில் மறுத்துவிட்டார். 1901-இல் டால்ஸ்டாயைத் திருச்சபை விலக்கி வைத்ததை மனதில் வைத்து, 1912-இல் தன்னையும் விலக்கிவிடும்படி அவரே எழுதிக் கேட்டார். சரியோ தவறோ, மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத மனிதர்.

இந்தக் கோபம்தான் நம் கதைக்கும் மூலகாரணம். எப்படி?

மாஸ்கோவில் பாவெல் நெக்ராசவ் என்று ஒரு கணிதப் பேராசிரியர் இருந்தார். நாணயத்தைப் பலமுறை சுண்டினால் தலையும் பூவும் ஏறக்குறைய சரிபாதியாக வந்து நிற்கும் என்பது நமக்குத் தெரியும். இதற்குப் பெரும் எண்களின் விதி என்று பெயர். 1713-இல் வெளிவந்த பெர்னோலியின் புத்தகத்தில் இது நிரூபிக்கப்பட்டது. ஒரு சுண்டலுக்கும் அடுத்த சுண்டலுக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தால்தான் இந்த விதி செல்லும் என்று நெக்ராசவ் 1902-இல் எழுதினார். அதோடு விட்டாரா? திருமணம், குற்றம் போன்ற சமூகக் கணக்குகள் வருடா வருடம் ஒரே சராசரியில் நிற்கின்றன, ஆகவே ஒவ்வொரு மனிதனும் தனித்தனியாகச் சுதந்திரமாக முடிவெடுக்கிறான் என்பதற்கு இதுவே சான்று என்று தத்துவத்துக்கே தாவிவிட்டார்.

மார்க்கோவுக்கு வந்ததே கோபம்! கணக்கை வைத்துக்கொண்டு கணக்கு சொல்லாததைச் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. 1906-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்றையொன்று சார்ந்து வரும் நிகழ்ச்சிகளிலும் அந்த விதி செல்லும் என்று அதில் நிரூபித்தார். அடுத்து வருவது, இப்போது இருப்பதைச் சார்ந்திருக்கும். அதற்கடுத்தது அதைச் சார்ந்திருக்கும். கண்ணி கண்ணியாகக் கோத்த இந்த வரிசைதான் பிற்காலத்தில் மார்க்கோவ் சங்கிலி என்று பெயர் பெற்றது.

20,000 எழுத்துகள்

காகிதத்தில் நிரூபித்தாயிற்று. உலகத்தில் இப்படி ஒரு சங்கிலி நிஜமாக எங்கே இருக்கிறது? மார்க்கோவ் தேடிப் போன இடம் ஆய்வுக்கூடம் இல்லை, புத்தக அலமாரி. ரஷ்யர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் புஷ்கினின் செய்யுள் நாவலான எவ்கேனி ஒனேகினை எடுத்தார். முதல் அத்தியாயம் முழுவதும், இரண்டாம் அத்தியாயத்தில் 16 பாடல்களும் சேர்த்து 20,000 எழுத்துகள். தனி ஒலி இல்லாத இரண்டு குறிகளை விட்டுவிட்டார். சொல் இடைவெளி, நிறுத்தற்குறி எல்லாம் நீக்கினார். பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்கு 100 எழுத்து வீதம் 200 கட்டங்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் உயிரா, மெய்யா என்று கையால் எண்ணினார்.

கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. பென்சில், தாள், பொறுமை. நாம் லேப் ரெக்கார்டில் பத்து ரீடிங் எடுப்பதற்குள் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்கிறோமே!

1913-இல், அன்றைய ரஷ்ய நாள்காட்டிப்படி ஜனவரி 23-ஆம் தேதி, அகாதமியில் முடிவை அறிவித்தார். உயிரெழுத்து 8,638. மெய்யெழுத்து 11,362. அதாவது நூற்றுக்கு ஏறக்குறைய 43 உயிர். எழுத்துகளுக்குள் உறவே இல்லை என்றால், எந்த எழுத்துக்குப் பின்னாலும் உயிர் வரும் வாய்ப்பு அதே 43-ஆக இருக்க வேண்டும். அவர் கண்டது என்ன? உயிரை அடுத்து உயிர் வந்த இடங்கள் 1,104 மட்டுமே. நூற்றுக்கு 13 கூட முழுசாக இல்லை. மெய்யை அடுத்து உயிர் வந்ததோ நூற்றுக்கு 66. ஆக, முந்தைய எழுத்து தெரிந்தால் அடுத்த எழுத்தைப் பற்றிப் பாதி துப்புக் கிடைத்துவிடுகிறது!

பிறகு அக்சாக்கவ் என்ற எழுத்தாளரின் நூலில் 100,000 எழுத்துகளை இதே மாதிரி எண்ணினார். மனிதர் சளைக்கவில்லை.

இதைப் படித்ததும் எனக்கு எட்டாம் வகுப்புத் தமிழ் ஐயா ஞாபகம் வந்தார். நம் தமிழ் இலக்கணத்தில் மெய்ம்மயக்கம் என்று ஒரு பகுதி உண்டே, நினைவிருக்கிறதா? எந்த மெய்க்குப் பின்னால் எந்த மெய் வரலாம் என்று சொல்வது. தமிழ்ச் சொல்லுக்குள் க், ச், த், ப் என்ற நான்குக்கும் பின்னால் அதே எழுத்துதான் வரும். பக்கம், பச்சை, பத்து, அப்பா. ர், ழ் இரண்டும் இரட்டிக்கவே இரட்டிக்காது. இரண்டு உயிர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நடுவில் ய் அல்லது வ் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு உடம்படுமெய் என்று பெயர். மணி + அடித்தது, மணியடித்தது. தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் விதியாக இருப்பதன் உறவுக்காரனைத்தான் மார்க்கோவ் ரஷ்ய மொழியில் எண்ணிக்கையாகப் பிடித்திருக்கிறார். அன்றைக்குப் பரீட்சைக்காக உருப்போட்டது இன்றைக்கு இனித்தது.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு

இனி வருவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எழுத்தை எண்ணலாம் என்று காட்டிய அதே மார்க்கோவ், எண்ணியதை வைத்து அவசரப்படக் கூடாது என்றும் காட்டினார்.

நிகலாய் மொரோசவ் என்று ஒருவர். ஜார் ஆட்சியை எதிர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்த புரட்சிக்காரர், அறிஞர். அவர் 1915-இல் ஒரு யோசனை வெளியிட்டார். ஒவ்வொரு எழுத்தாளரும் சின்னச் சின்ன இணைப்புச் சொற்களை எத்தனை முறை பயன்படுத்துகிறார் என்று எண்ணினால், எந்த நூல் யாருடையது, எது போலி என்று கண்டுபிடித்துவிடலாம் என்றார். கேட்க அருமையாக இருக்கிறதல்லவா? எண்ணிக்கைப் பைத்தியமான மார்க்கோவ் ஓடிப் போய்க் கை கொடுத்திருப்பார் என்று நான் நினைத்தேன். இல்லை! 1916-இல் அவர் எழுதியது மறுப்பு. ஆயிரம் சொல் அளவுக்கு எண்ணிவிட்டு ஓர் எழுத்தாளரின் கைரேகை இதுதான் என்று சொல்ல முடியாது, ஒரே ஆசிரியரின் நூலிலேயே இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும், மிகப் பெரிய அளவில் எண்ணி, நிலையாக நிற்கிறதா என்று சோதித்த பிறகுதான் முடிவு சொல்லலாம் என்பது அவர் வாதம்.

தனக்குப் பிடித்த வழியையே தனக்குப் பிடித்த முடிவுக்காக வளைக்காத நேர்மை இது. புத்தகத்தில் இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் மூன்றாவது வரியில் நின்றுபோன அப்பா முகம் கண்முன் வந்தது.

செருப்பில்லாத பேராசிரியர்

1917-இல் ரஷ்யாவில் புரட்சி. பஞ்சம், குளிர், குழப்பம். அறுபது வயது தாண்டிய மார்க்கோவ் சராய்ஸ்க் என்ற சின்ன ஊருக்குப் போய், அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். உலகம் அறிந்த அகாதமி உறுப்பினர், பள்ளிக்கூட வாத்தியார்!

பிறகு தன் பழைய நகரத்துக்கே திரும்பினார். 1921-இல், காலில் போட்டுக்கொள்ளச் செருப்பு இல்லாததால் கூட்டத்துக்கு வர முடியவில்லை என்று அகாதமிக்குத் தெரிவித்தார். ஒரு ஜோடி அனுப்பி வைத்தார்கள். தையலும் சரியில்லை, அளவும் சரியில்லை. மார்க்கோவ் விடுவாரா? இந்தக் காலத்து நாகரிகத்தின் சின்னமாக இதை அருங்காட்சியகத்தில் வையுங்கள், நான் உரிமை கோர மாட்டேன் என்று பதில் எழுதினாராம். வறுமையிலும் குசும்பு போகவில்லை. நிற்கவே சிரமப்பட்ட நிலையிலும் 1921 வரை நிகழ்தகவு வகுப்பு எடுத்தார். 1922-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி காலமானார். 1954-இல் அவர் உடலை வேறு இடத்துக்கு மாற்றி, எழுத்தாளர்கள் பலர் உறங்கும் வோல்கவ் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். எழுத்தை எண்ணியவருக்குப் பொருத்தமான இடம்தான்.

அவருக்குப் பின்

1948-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாட் ஷானன், தகவல் தொடர்புக்கு ஒரு கணிதம் வகுத்தபோது மார்க்கோவின் சங்கிலியைக் கையில் எடுத்தார். எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு, ஆங்கிலம் மாதிரி தோன்றும் வரிகளைத் தற்செயலாக உருவாக்கிக் காட்டினார். முந்தைய எழுத்துகளை எவ்வளவு அதிகம் கணக்கில் எடுத்தாரோ, அவ்வளவுக்கு அது நிஜ ஆங்கிலம் மாதிரியே ஆகிக்கொண்டு வந்தது. ஆனால் அர்த்தம்? பூஜ்யம்!

1970-களில் பேச்சைப் புரிந்துகொள்ளும் கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக்கு இந்தச் சங்கிலி அடித்தளம் ஆனது. இன்றைய செயலிகள் மார்க்கோவின் அட்டவணையை அப்படியே பயன்படுத்துவதில்லை. நியூரல் நெட்வொர்க் என்ற வேறு அமைப்பு அது. ஓர் எழுத்துக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான சொற்களைத் திரும்பிப் பார்க்கிறது. ஆனாலும் அது திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் கேள்வி மார்க்கோவ் கேட்ட கேள்விதான். இதுவரை வந்தது இது, அடுத்து என்ன வரலாம்?

என் தாளில் நடந்ததும் இதுதான் என்று இப்போது புரிகிறது. பீஸ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கம்பி வரும், கட்டை வரும், மெயின் சுவிட்ச் வரும். எல்லாம் வந்தன, நல்ல தமிழில் வந்தன. எது முதலில் என்பதில்தான் உயிர் இருக்கிறது. நம்ம மோட்டார் ரூமில் கரண்ட் ஓடுகிறதா என்பது அந்தத் தாளை எழுதியதற்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாம்தான். சரிபார்க்க வேண்டியவர்களும் நாம்தான்.

நண்பர்களே, நாளைக்கு நாம் ஃபாக்டரியில் வேலைக்குப் போவோம். மெஷின் பக்கத்தில் ஒட்டுகிற தாளில், பராமரிப்பு ரெஜிஸ்டரில், சைட் ரிப்போர்ட்டில் நம் கையெழுத்து இருக்கும். எழுத்து அழகாக இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். உண்மையாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆளாவது வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்கலாமே! எந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் பயன்படுத்துகிறேன். மூன்றாவது வரியில் நின்று மறுபடி படியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் மோட்டார் ரூம் சுவரில் இப்போது வேறு தாள் இருக்கிறது. அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் என் கையால் எழுதியது. எழுதி முடித்ததும் அம்மாவை நிறுத்தி, ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்க வைத்தோம். கையெழுத்து கோழி கிறுக்கல்தான். முதல் வரி மட்டும் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில் இருக்கிறது. மெயின் சுவிட்சை அணை.



— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை